மார்கழியில நாத்து, மாசியில பூ: முதல்முதலா பூக்கண்டு வைக்கிற ஆக்களுக்கு

போன கிழமை பக்கத்து வீட்டு அக்கா ஒரு பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு வந்து கேற்றடியில நிண்டு, "பிள்ளை, இந்தச் செவ்வந்தி என்னமாப் பூத்துக்கொண்டு இருந்தது, இப்ப பார் காஞ்சு போச்சு, நான் தண்ணி குறைய விட்டிட்டனோ" எண்டு கவலையாக் கேட்டா. வாங்கிப் பாத்தா கண்டில ஒரு நோயும் இல்லை. மூண்டு நாலு மாசம் பூத்து, பூவெல்லாம் விதையாகி, தன்ர வேலையை முடிச்சுப்போட்டுப் போயிட்டுது. அவ்வளவுதான் விசயம்.

ஆனுவல்ஸ் எண்டு சொல்லுற ஒருபருவப் பூக்கண்டுகள் எல்லாமே இப்பிடித்தான். விதை முளைச்சு, பூத்து, திரும்ப விதை வைச்சு, ஒரே பருவத்தில செத்துப்போகும். செவ்வந்தி, சீனியா, கொஸ்மஸ், காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, சூரியகாந்தி எல்லாம் இந்தக் கூட்டம். நான் செவ்வந்தி எண்டு சொல்லுறது மாலை கட்டுற, மஞ்சளும் செம்மஞ்சளுமா உருண்டையா வாற பூ, இந்தியாவில துலுக்கச் சாமந்தி, செண்டுமல்லி எண்டு சொல்லுவினமே அது. புதுசா தொடங்குற ஆக்கள் செவ்வந்தியும் சீனியாவும் மட்டும் முதல் வருசம் வையுங்கோ, ஒரேயடியா பத்து வகை வேண்டாம்.

முதல்ல கலண்டரை எடுங்கோ

விதைப் பக்கற்றில "வசந்தகாலத்தில விதைக்கவும்" எண்டு போட்டிருக்கும், யூடியூப்ல பாத்தா மார்ச் ஏப்ரல்ல விதை எண்டு சொல்லுவினம், அது பனி கொட்டுற நாட்டுக்கு. எங்கட திருகோணமலையில ஒக்டோபர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும் வாடை மழை, மே மாசத்தில இருந்து கச்சான் காத்து, அந்தக் காத்து ஈரத்துணியையே அரை மணித்தியாலத்தில காய வைச்சுப்போடும், நாத்து எம்மாத்திரம். இது ரெண்டுக்கும் நடுவில ஜனவரி கடைசி தொடக்கம் ஏப்ரல் வரைக்கும் கிடைக்கிறதுதான் எங்களுக்குப் பூக்காலம். மண்ணுக்குள்ள ஈரம் இருக்கும், வெயிலும் இருக்கும், மழை வேரை அழுக வைக்காது.

நான் முதல் வருசம் விட்ட பிழை இதுதான். நவம்பர்ல நல்ல மழை, தண்ணி விடுற வேலை மிச்சம் எண்டு முத்தத்தில நேரா விதையைத் தூவினன். முளைச்சது, முளைச்ச நாலாம் நாள் பாத்தா ஒவ்வொரு நாத்தும் மண்ணோட ஒட்டின இடத்தில நூல் மாதிரி மெலிஞ்சு அப்பிடியே சாஞ்சு கிடக்குது. ஈரம் கூடினா மண்ணில இருக்கிற பூஞ்சணம் செய்யிற வேலை அது, வந்தாப்பிறகு காப்பாத்த ஏலாது.

அதால பின்னுக்கு எண்ணுங்கோ. செவ்வந்தி விதைச்சு 55 - 65 நாளில பூக்கும், சீனியாவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சிவராத்திரிக்கு சொந்த முத்தத்துப் பூவில மாலை கட்டிக் கோணேசருக்குக் கொண்டுபோக வேணும் எண்டு வையுங்கோவன். 2025 ல சிவராத்திரி பெப்ரவரி 26, அதில இருந்து 65 நாள் பின்னுக்குப் போனா டிசம்பர் 23, அண்டைக்கு விதை மண்ணில இருக்கவேணும். மழைக்காலம்தான், ஆனா நாத்து தாழ்வாரத்துக்குக் கீழ நனையாம நிக்கும், மழை குறையிற நேரம் வெளியில இறக்கலாம்.

நாத்துப் போடுறது

விலை கூடின ட்ரே ஒண்டும் வேண்டாம். யோகட் கப் சேத்து வையுங்கோ, அடியில சூடாக்கின ஆணியால மூண்டு ஓட்டை. சிரட்டையும் நல்லது, கண்ணைக் குத்தித் திறந்துவிட்டாச் சரி.

மண்ணுக்கு ஒரு பங்கு மண், ஒரு பங்கு நல்லா உக்கின மாட்டெரு அல்லது கூட்டெரு, ஒரு பங்கு தும்புச்சோறு, தேங்காய்ப் பொச்சில இருந்து வாற தூள். தும்புச்சோறைக் கட்டாயம் ரெண்டு மூண்டு தரம் தண்ணியில ஊறவைச்சுப் பிழிஞ்சு எடுங்கோ, அதில உப்பு இருக்கும். மாட்டெரு மூண்டு மாசமாவது பழசா இருக்கவேணும், கையில எடுத்தா சாணி மணம் வரக்கூடாது, சூடும் இருக்கக்கூடாது. பச்சைச் சாணி போட்டா வேர் கருகும், வெள்ளைப் புழுவும் சேந்து வரும்.

செவ்வந்தி விதையைப் பாத்திருப்பீங்கள், கறுப்பு ஊசி ஒண்டுக்கு வைக்கோல் நிறத்தில வால் வைச்ச மாதிரி, சின்னத் தும்புத்தடி போல. அதைப் படுக்கப் போட்டு மேல அரை சென்ரிமீற்றர் மண் தூவினாக் காணும். சீனியாவும் அப்பிடித்தான். கோழிக்கொண்டை விதை கடுகை விடச் சின்னன், அதை மூடவே வேண்டாம், மேல தூவி விரலால மெல்ல அமத்திவிடுங்கோ. ஒரு கப்புக்கு ரெண்டு விதை. பூவாளி இல்லாட்டிப் போத்தில் மூடியில ஓட்டை போட்டு அதால தண்ணி தெளியுங்கோ, கோப்பையால ஊத்தினா விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போயிடும்.

எறும்பைப் பற்றிச் சொல்லாம விடேலாது. விதையை ஒவ்வொண்டாத் தூக்கிக்கொண்டு போயிடும், நீங்க விதை முளைக்கேல்லை, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் எண்டு இருப்பீங்கள். ஒரு பேசினில தண்ணி விட்டு, நடுவில ரெண்டு செங்கல் வைச்சு, அதுக்கு மேல கப்புகளை வையுங்கோ. ஆனா கடையில வாங்கிற பக்கற்றில திகதி இருக்கோ எண்டும் பாருங்கோ, நான் ஒருக்கா திகதி அழிஞ்ச பக்கற் வாங்கி இருபது விதையில மூண்டுதான் வந்தது.

அஞ்சு தொடக்கம் ஏழு நாளில முளைக்கும். முளைச்ச உடன நிழலில இருந்து வெளிச்சத்துக்கு மாத்துங்கோ, இல்லாட்டி வெளிச்சத்தைத் தேடி நீட்டுக்கு வளந்து விழும். ரெண்டும் முளைச்சா மெலிஞ்சதைக் கத்தரிக்கோலால வெட்டிவிடுங்கோ, பிடுங்கினா மற்றதின்ர வேரும் ஆடும். மனசு வராதுதான், எனக்கும் வராது.

நிலத்தில இறக்கிறது

மூண்டு கிழமையில, முளைக்கேக்க வாற முதல் ரெண்டு இலையை விட்டு, உண்மையான இலை நாலு வந்திருக்கும். ஒரு அஞ்சு நாள் காலமை வெயிலில கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கிப்போட்டு நடுங்கோ. பின்னேரம் நாலரைக்குப் பிறகுதான் நடவேணும்.

இடம் எண்டால் ஆறு மணித்தியாலம் வெயில் விழவேணும், மாமரத்துக்குக் கீழ வைச்சிட்டுப் பூக்கேல்லை எண்டு சொல்லாதேங்கோ. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எல்லாம் கடற்கரை மண், விடுற தண்ணி அப்பிடியே கீழ ஓடிரும். எங்கட ஐயா செய்யிற வேலை ஒண்டு இருக்குது, பாத்தியை ஒரு அடிக்குக் கிண்டி, அடியில பொச்சுமட்டையைப் பரப்பி, அதுக்கு மேல எருவும் மண்ணும் கலந்து நிரப்புவார். பொச்சு தண்ணியைக் குடிச்சு வைச்சிருக்கும், வெயிலுக்கு மெல்ல மெல்ல விடும். தம்பலகாமம் பக்கம் மாதிரி களி மண் எண்டால் எதிர்மாறு, பாத்தியை அரை அடி உயத்திக் கட்டுங்கோ, தண்ணி தேங்கக்கூடாது.

உயரமா வளர்ற செவ்வந்திக்கும் சீனியாவுக்கும் கண்டுக்குக் கண்டு ஒரு அடி. குட்டை வகைக்கு அரை அடி, முக்கால் அடி. சீனியாவுக்கு இந்த இடைவெளியைக் கஞ்சத்தனம் பாக்காம விடுங்கோ, நெருக்கி வைச்சா காத்து ஓடாம இலையில மா தூவின மாதிரி சாம்பல் நோய் வரும். நட்ட மூண்டு நாளைக்கு மேற்குப் பக்கமா ஒரு தென்னோலையைச் சரிச்சு வைச்சாக் காணும். கொஸ்மஸும் சூரியகாந்தியும் இடம் மாத்தினா கோவிக்கிற சாதி, அதுகளை ஜனவரி கடைசியில மழை விட்டாப்பிறகு நேரா நிலத்திலயே விதையுங்கோ.

நுனி கிள்ளுறது

இதைத்தான் புதுசா வைக்கிற ஆக்கள் பயந்து பயந்து செய்யாம விடுறது. செவ்வந்தி அரை அடிக்கு வந்தவுடன, மேல நுனியில ரெண்டு குட்டி இலை சேந்து கும்பிட்ட மாதிரி நிக்கும், அதைப் பெருவிரல் நகத்தாலயும் சுட்டுவிரலாலயும் பிடிச்சு 'டிக்' எண்டு ஒடிச்சு விடுங்கோ. விரலில ஒரு காரமான மணம் ஒட்டும், சோப் போட்டாலும் பின்னேரம் வரைக்கும் போகாது. ஒரு கிழமையில கீழ இருக்கிற ஒவ்வொரு இலைக் கக்கத்தில இருந்தும் கிளை வெடிச்சு வரும். முதல் பூ ஒரு கிழமை, பத்து நாள் பிந்தும், ஆனா ஒரு பூ வாற இடத்தில எட்டுப் பத்துப் பூ வரும். சிவராத்திரிக் கணக்குப் போடுறவை இந்தப் பத்து நாளையும் சேத்து எண்ணுங்கோ. சீனியாவுக்கும் கொஸ்மஸுக்கும் கிள்ளலாம். கோழிக்கொண்டைக்கும் ஒத்தைப் பூ சூரியகாந்திக்கும் கையை வைச்சிடாதேங்கோ, அந்த ஒரு தலைதான் அதுக்கு.

பூத்தாப்பிறகு வாடின பூவைக் காம்போட வெட்டி எடுத்துக்கொண்டே இருக்கவேணும். விட்டா விதை வைக்கும், விதை வைச்சாக் கண்டு வேலை முடிஞ்சுது எண்டு நினைச்சுப் பூக்கிறதை நிப்பாட்டும். அக்கான்ர கண்டுக்கு நடந்தது அதுதான், பூவைப் பிடுங்க மனமில்லாம அப்பிடியே அழகு பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா.

தண்ணி, பசளை, பூச்சி

தண்ணி காலமை, அடியில. பூவிலயும் இலையிலயும் ஊத்தவேண்டாம். பெப்ரவரி மார்ச்ல நிலத்தில இருக்கிறதுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காணும், விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாத்து காஞ்சிருந்தா விடுங்கோ. கச்சான் தொடங்கினா சாடிக்கு ரெண்டு நேரமும் வேணும். கடற்கரைக் கிணறு எண்டால் வெயில் காலத்தில தண்ணி உவராகும், இலை ஓரம் கருகினாலோ சாடி விளிம்பில வெள்ளையாப் படிஞ்சாலோ அதுதான் காரணம். கிழமைக்கு ஒருக்கா கிடைக்கிற நல்ல தண்ணியை, அடியால வழியிற அளவுக்கு விட்டு உப்பைக் கழுவி விடுங்கோ.

பசளை மூண்டு கிழமைக்கு ஒருக்கா கண்டுக்கு ஒரு பிடி பழைய எரு. 2021 ல அரசாங்கம் இரசாயனப் பசளையை நிப்பாட்டின நேரம் வயல்காரர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும், ஆனா பூக்கண்டுக்கு யூரியா உண்மையாத் தேவையில்லை. அள்ளிப் போட்டா இலை கரும்பச்சையாக் கொழுத்து நிக்கும், பூ வராது. மீன் கழுவின தண்ணி ஊத்துறது எங்கட ஊரில எல்லாருக்கும் பழக்கம், ஊத்துங்கோ, ஆனா விடிய எழும்பிப் பாக்கேக்க பூனை பாத்தியைக் கிளறி வைச்சிருந்தா என்னைத் திட்டக்கூடாது.

அழுக்கணவன், வெள்ளைப் பஞ்சுப்பூச்சி வந்தா முதல்ல தண்ணியைப் பீச்சி அடியுங்கோ. போகாட்டி ஒரு லீற்றர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி, பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி ரெண்டு மூண்டு சொட்டு, நல்லாக் குலுக்கி பொழுதுபட இலைக்கு அடியில அடியுங்கோ. உச்சி வெயிலில அடிச்சா இலை வெந்துபோகும். கத்தரி, தக்காளிக்குப் பக்கத்தில செவ்வந்தி வைச்சா அதின்ர வேர், மண்ணில இருக்கிற வேர்முடிச்சுப் புழுக்களைக் குறைக்கும், இது ஒரு மேலதிக லாபம்.

மானுக்கு மருந்து இல்லை. டவுனுக்குள்ள இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், கோட்டைப் பக்கம் நிக்கிற புள்ளிமான் ஒழுங்கை ஒழுங்கையா நடந்து வரும். பெரியம்மா வீட்டில கேற்றைச் சாத்த மறந்த ஒரு இரவு, சீனியா மொட்டு எல்லாம் கத்தரியால வெட்டின மாதிரி போயிட்டுது, தண்டுகள் மட்டும் வரிசையா நிண்டது. அதுக்குப் பிறகு அவ சாடி எல்லாத்தையும் மொட்டைமாடிக்கு ஏத்திப்போட்டா.

விதை எடுக்கிறது

கடைசி மாசத்தில நல்ல வடிவான பூ நாலைஞ்சை வெட்டாம விடுங்கோ, காம்பும் சேந்து மண்ணிறமா காஞ்சாப்பிறகு எடுங்கோ. காசித்தும்பைக் காயை மட்டும் கொஞ்சம் முன்னுக்கே, கையைக் குழிச்சுப் பிடிச்சுக்கொண்டு தொடவேணும், தொட்டவுடன வெடிச்சு விதை நாலு பக்கமும் பறக்கும், சின்னப்பிள்ளையள் இருந்தா அந்த வேலையை அதுகளிட்டக் குடுங்கோ. எஃப் வன், அதாவது ரெண்டு வகையைக் கலந்து எடுத்த கலப்பின விதை எண்டு பக்கற்றில போட்டிருந்த விதையில வந்த கண்டு எண்டால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது, நிறமும் அளவும் கலந்து வரும், எனக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. நிழலில ரெண்டு மூண்டு நாள் உலத்தி, கடுதாசி உறையில போட்டு, பேரும் திகதியும் எழுதி, காத்துப் போகாத போத்திலுக்குள்ள வையுங்கோ.

அக்கா கொண்டுவந்த அந்தக் காஞ்ச கண்டையும் எறியேல்லை. ரெண்டு பேரும் வாசல்படியில இருந்து ஒவ்வொரு பூவா உதிர்த்தம், ஒரு பூவுக்குள்ளயே பிடி நிறைய விதை, அவ எண்ணத் தொடங்கி நூறு தாண்ட விட்டிட்டா. பாதியை எனக்குத் தந்திட்டு மிச்சத்தை நவராத்திரிக்கு எண்டு கொண்டுபோனா, ஜூலையில விதைக்கப் போறாவாம், கச்சானுக்கு நாத்தை எங்க வைக்கிறது எண்டு கேட்டா, கிணத்தடிக் கிடுகுவேலிக்குப் பக்கத்தில நிழல் இருக்குது எண்டு சொல்லி அனுப்பினன்.