வாரக்கணக்கில் வயிறு கெட்ட கோழியை வீட்டில் தேற்றுவது

சீக்கான கோழி தன் சீக்கை மறைக்கும். தீவனத் தட்டின் முன் மற்றவற்றோடு சேர்ந்து நிற்கும், கொத்தவும் செய்யும். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்: ஒரு மணியை அலகில் எடுத்து, உதறி, கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறது. ஒன்றுகூட உள்ளே போவதில்லை. இரவு அடைந்த பிறகு கழுத்தின் அடியில் தடவினால் தீனிப்பை காலியாகக் கிடக்கும். வயிற்றுக் கோளாறு வாரக்கணக்கில் இழுக்கும்போது கோழி கொத்துவதைப் பார்த்து மனம் தேறிவிடாதீர்கள். இரவில் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பதும் காலையில் எடை பார்ப்பதும்தான் உண்மையைச் சொல்லும்.

எவற்றை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது

ஒரே நேரத்தில் பல கோழிகள் தூங்கி விழுவது, பச்சையாகத் தண்ணீர்க் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்வது, கொண்டை நீலம் பாய்வது, காரணமே தெரியாமல் அடுத்தடுத்துச் சாவது ஆகியவை வெள்ளைக்கழிச்சல், பறவைக்காய்ச்சல் போன்ற தொற்றுகளாக இருக்கலாம். கோழிகளை இடம் மாற்றாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே ஒரு கோழி என்றாலும், எச்சத்தில் ரத்தம் கட்டியாக வருவது, நிற்க முடியாமல் போவது, அடிவயிறு தண்ணீர் நிரப்பிய பைபோல் தொங்குவது இருந்தால் அன்றே மருத்துவரிடம் போகவும். கீழே சொல்வதெல்லாம் ஒற்றைக் கோழி, நாள்பட்ட மெலிவு, விட்டுவிட்டு வரும் கழிச்சல், இறங்காத தீனிப்பை ஆகியவற்றுக்கானது.

தனி இடம்

60 × 90 செ.மீ. அளவுள்ள கூடையோ கூண்டோ போதும். தரையில் உமி, மரத்தூள் வேண்டாம். பசித்த கோழி அதையும் தின்றுவிடும். எச்சமும் கண்ணில் படாது. பழைய துண்டோ செய்தித்தாளோ விரித்துத் தினமும் மாற்றுங்கள். உடம்பில் சதை வற்றிய கோழியால் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. கோழியின் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். எனவே கூண்டின் ஒரு பாதியை மட்டும் 27 முதல் 30 டிகிரிவரை வெதுவெதுப்பாக வைத்து, மறுபாதியை அப்படியே விடுங்கள். எந்தப் பக்கம் வேண்டும் என்பதை அதுவே தேர்ந்துகொள்ளும். வாய் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு அதிகம்.

மற்ற கோழிகள் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது நல்லது. அடியோடு பிரித்துவிட்டால் இதற்கும் ஏக்கம் பிடிக்கும். கூட்டமும் இதை மறந்துவிட்டு, திரும்பி வரும்போது அந்நியக் கோழியாக நினைத்துக் கொத்தும்.

எடை

சமையலறைத் தராசின் மேல் ஒரு பெட்டியை வைத்துச் சுழியாக்கி, அதில் கோழியை நிறுத்துங்கள். தினமும் காலையில், தீனி கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். நிறைந்த தீனிப்பையின் எடையே அளவைப் புரட்டிவிடும் என்பதால் ஒருநாள் காலையிலும் மறுநாள் மாலையிலுமாக எடுத்த கணக்கால் பயனில்லை. தேதி போட்டு எழுதி வையுங்கள். 2 கிலோ கோழி 200 கிராம் இழந்திருந்தால் அது பத்தில் ஒரு பங்கு, ஆபத்தான இறக்கம். தராசு கைவசம் இல்லாத நாளில் மார்பெலும்பைத் தடவுங்கள். இருபுறமும் சதை உருண்டு இருந்தால் சரி. கத்தி விளிம்புபோல் எலும்பு மட்டும் தட்டுப்பட்டால் நோய் நீங்கள் நினைப்பதைவிடப் பழையது.

காலையில் தீனிப்பை

கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில், கோழியின் வலப்பக்கமாகச் சற்று ஒதுங்கித் தீனிப்பை இருக்கும். நன்றாகத் தின்ற கோழிக்கு இரவில் அது உருண்டு நிற்கும். விடியும்போது வற்றித் தட்டையாகிவிடும். இரவு முழுக்கத் தீவனத்தை எடுத்துவிட்டு விடிந்ததும் தொட்டுப் பார்ப்பதுதான் சோதனை.

கல்போல் கெட்டியாக இருந்தால் அடைப்பு. நீளமான புல், நார், நூல் போன்றவை பந்தாகச் சுருண்டிருக்கும். தீனியை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான நீரை அலகின் ஓரத்தில் சொட்டுச்சொட்டாக விட்டு, ஒரு வேளைக்கு 15 முதல் 20 மி.லி.வரை குடிக்கச் செய்யுங்கள். பிறகு விரல் நுனிகளால் கட்டியின் விளிம்பிலிருந்து பிசைந்து உதிர்க்கப் பாருங்கள். 5 நிமிடம், நாளைக்கு நான்கைந்து முறை. ஒன்றரை, இரண்டு நாளில் கட்டி இளகாவிட்டால் மேலும் பிசைந்து புண்ணாக்க வேண்டாம். மருத்துவர் தீனிப்பையைக் கீறி எடுத்துத் தைத்துவிடுவார்.

தொட்டால் தண்ணீர்ப் பலூன்போல் தளதளவென்று இருந்து, வாயில் புளித்த நாற்றம் அடித்தால் உள்ளே காளான் வளர்ந்திருக்கிறது. கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைதான் பெரும்பாலும். நெடுநாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்த கோழிக்கு இது எளிதில் வரும். இதற்கு மருத்துவர் தரும் மருந்து நிஸ்டாட்டின். அது ரத்தத்தில் கலந்து வேலை செய்வதில்லை. தீனிப்பையின் உட்சுவரில் நேரடியாகப் பட வேண்டும். நிறைந்த பைக்குள் ஊற்றினால் வீண். தீனிக்கு முன், காலிப் பையில் கொடுக்க வேண்டும். தண்ணீரில் வினிகர் கலப்பதால் வளர்ந்துவிட்ட காளான் போகாது.

கோழியைத் தலைகீழாகப் பிடித்து உள்ளிருப்பதைக் கொட்டவைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. செய்யாதீர்கள். வாய்க்கு வரும் நீர் மூச்சுக்குழலுக்குள் போனால் கைப்பிடியிலேயே செத்துவிடும். பிழைத்தாலும் நுரையீரல் அழற்சி வரும்.

தீனிப்பையைச் சரிசெய்த நான்கைந்து நாளில் மறுபடியும் அதே நிலை வந்தால், கோளாறு அங்கே இல்லை. அதற்குக் கீழே தேட வேண்டும். குடற்புழு, அரைவைப்பையில் சிக்கிய கம்பித்துண்டு, ஈய நச்சு, மேரக்ஸ் என்னும் வைரஸ் நோய், முட்டைக்கரு வயிற்றுக்குள் சிந்தி ஏற்படும் அழற்சி, கட்டி என எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் பலவற்றிலும் தீனிப்பை தேங்குவதுதான் முதலில் தெரியும். பிசைந்துகொண்டே மாதத்தைக் கழிப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

எச்சம்

மேலே வெள்ளைத் தொப்பியோடு உருண்டு விழுவது நல்ல எச்சம். சில எச்சங்களுக்கு ஒருமுறை பழுப்பாக, பசைபோல், கடும் நாற்றத்தோடு ஒன்று வரும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது. கழிச்சல் என்று பயப்பட வேண்டாம், அது வராமல் நின்றால்தான் யோசிக்க வேண்டும். பளிச்சென்ற பச்சை நீரும் கொஞ்சம் வெள்ளையும் மட்டும் வந்தால் குடலில் தீனி இல்லை, பித்தம் மட்டும் இறங்குகிறது என்று பொருள். அதாவது கோழி தின்பதாக நீங்கள் நம்பியது தப்பு. செந்நிறச் சவ்வுத் துணுக்கு எப்போதாவது வருவது குடல் உட்தோல் உரிவதால் இருக்கலாம். திரும்பத் திரும்ப ரத்தமாக வந்தால் ரத்தக்கழிச்சல் (காக்சிடியோசிஸ்) என்னும் குடல் ஒட்டுண்ணி நோயை முதலில் சந்தேகியுங்கள். புதிய எச்சத்தை மூடிய டப்பாவில் எடுத்துப்போய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னால் புழு முட்டையா, ரத்தக்கழிச்சல் கிருமியா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கண்டபடி மருந்து மாற்றுவதைவிட இந்த ஒரு சோதனை மேல்.

நீர் முதலில், தீனி பிறகு

வறண்ட உடம்பில் தீனியைத் திணித்தால் அது தீனிப்பையிலேயே கிடந்து புளிக்கும். கண் குழி விழுந்து, வாய்க்குள் எச்சில் நூல்போல் இழுபட்டால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. கிலோவுக்கு 50 மி.லி. என்பது ஒரு நாளின் அடிப்படைத் தேவை. கழிச்சலில் போவதை ஈடுகட்ட இதற்கு மேலும் வேண்டும். 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் 5 மி.லி. கரண்டியால் தலைதட்டி 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு கலந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசல். உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். கோழிக்கு உப்பு மிஞ்சினால் நஞ்சு. தினமும் புதிதாகக் கலக்கி, இரண்டு மூன்று நாளோடு நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் வெறும் நீரும் இருக்கட்டும். தீனிப்பை புளித்திருக்கும் கோழிக்குச் சர்க்கரை கூடாது, அது காளானுக்குத்தான் தீனி.

தானாகத் தின்னும் கோழிக்கு ஊறவைத்த தீவனமும் மசித்த அவித்த முட்டையும் கொஞ்சமாக, அடிக்கடி வைத்து 2 மணி நேரத்தில் எடுத்துவிடலாம். முட்டையிடாத சீக்குக்கோழிக்கு முட்டைக்கோழித் தீவனம் வேண்டாம். அதில் 4 சதவீதம்வரை இருக்கும் சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்துக்குச் சுமை. வளரும் கோழிக்கான தீவனம் பொருத்தம். பால் கூடவே கூடாது.

தின்னாவிட்டால் குழாய் வழியாக ஊட்ட வேண்டியிருக்கும். முதல் முறை மருத்துவர் முன்னிலையில் கற்றுக்கொள்ளுங்கள். 4 முதல் 5 மி.மீ. தடிமனும் மழுங்கிய முனையும் உள்ள மென்மையான ஊட்டுக்குழாய், 60 மி.லி. சிரிஞ்சு. அலகு நுனியிலிருந்து தீனிப்பைவரை குழாயை வெளியே வைத்து அளந்து பேனாவால் குறியிடுங்கள். கோழியைத் துண்டில் சுற்றி, உடம்போடு அணைத்து, கழுத்தை மேல்நோக்கி நீட்டி அலகைத் திறந்தால், நாக்கு தொண்டையோடு சேரும் இடத்தில் ஒரு சிறு பிளவு மூச்சுக்கு மூச்சு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழல் வாய், அதில் குழாய் படவே கூடாது. கோழியின் இடது கடைவாயில் நுழைத்து, நாக்கைத் தாண்டி வலப்பக்கத் தொண்டைக்குள் விடுங்கள். தானாக வழுக்கிக்கொண்டு போகும். தடுத்தால் அழுத்தாமல் வெளியே எடுத்து மறுபடி விடுங்கள். குறிவரை போனதும் கழுத்தைத் தடவினால் வளைய வளையமாக மூச்சுக்குழலும், அதற்கு அருகே தனியாக உங்கள் குழாயும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். இரண்டும் தனித்தனியாகத் தெரியாதவரை சிரிஞ்சை அழுத்தாதீர்கள். ஊட்டும்போது கண் கோழியின் வாய்மேலேயே இருக்கட்டும். தொண்டையில் நீர் ஏறி வந்தால் உடனே குழாயை உருவி, கோழியை விட்டுவிடுங்கள். அது தலையை உதறித் துப்பிக்கொள்ளும்.

அளவு: முதலில் கிலோவுக்கு 15 மி.லி., ஒழுங்காக இறங்கினால் இரண்டு மூன்று நாளில் 30 மி.லி.வரை. 2 கிலோ கோழிக்கு அது வேளைக்கு 30 மி.லி.யில் தொடங்கி 60 மி.லி.வரை, நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை. முதல் இரண்டு வேளை நீர் மட்டும். பிறகு நைசாக அரைத்த தீவனம் 1 பங்கு, வெந்நீர் 4 பங்கு. அரைமணி ஊறவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். சூடு 38 முதல் 40 டிகிரி. ஆறிப்போனால் தீனிப்பை மந்தமாகும், 43-ஐத் தாண்டினால் உட்சுவர் வெந்துவிடும். மைக்ரோவேவில் சுடவைத்தால் நன்றாகக் கலக்கிய பிறகே வெப்பமானியை விடுங்கள்.

அடுத்த வேளைக்கு முன் தீனிப்பையைத் தொடாமல் ஊட்டக் கூடாது. முன்வேளையில் கொடுத்தது அப்படியே இருந்தால் அந்த வேளையைத் தவிர்த்துவிடுங்கள். "பாவம், பசிக்குமே" என்று மேலும் ஊற்றுவதால்தான் பல கோழிகள் மூச்சுக்குள் நீர் போய்ச் சாகின்றன.

மருந்து

ரத்தக்கழிச்சல் உறுதியானால் வழக்கமான மருந்து ஆம்ப்ரோலியம். 9.6 சதவீதத் திரவமானால் 1 லிட்டர் குடிநீருக்கு 2.5 மி.லி., 20 சதவீதப் பொடியானால் 1.2 கிராம் என்ற அளவில் 5 நாள். பிறகு அதில் கால் பங்காகக் குறைத்து ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். அந்த நாட்களில் வேறு குடிநீர் வைக்கக் கூடாது, தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். இந்த மருந்து தயமின் என்னும் பி1 வைட்டமினுக்கு எதிராக வேலை செய்வது. "தெம்புக்கு" என்று பி வைட்டமின் டானிக்கைக் கூடவே கொடுத்தால் மருந்தின் வேகம் போய்விடும். டானிக்கை மருந்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நீரே குடிக்காத கோழிக்கு இப்படிக் கலந்து வைத்துப் பயனில்லை. நேரடியாக வாயில் கொடுக்கும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

குடற்புழு மருந்தைச் சோதனைக்குப் பிறகு எடைக்கேற்பக் கொடுங்கள். ஃபென்பென்டசோலை இறகு முளைக்கும் பருவத்தில் கொடுத்தால் புது இறகு கோணலாக வரும். எந்த மருந்தானாலும் எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்புறச் சுத்தம்

பலரும் தவறவிடுவது இதைத்தான். கழிச்சல் காய்ந்து ஒட்டிய இறகில் ஈ முட்டையிடும். வெயில் காலத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். தினமும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்துவிட்டு நன்றாக உலர்த்துங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழி எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம். ரத்தக்கழிச்சல் கிருமி ஈரத்தில் கிடந்து ஒன்றிரண்டு நாளில் தொற்றும் தன்மை பெறும் என்பதால் எச்சத்தை அன்றன்றே அகற்றுவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

கூட்டத்துக்குத் திரும்புவது

தொடர்ந்து ஒரு வாரம் தானாகத் தின்று, தினமும் காலையில் தீனிப்பை காலியாகி, எடை ஏறிக்கொண்டோ நிலையாகவோ இருக்க வேண்டும். அதற்கு முன் விட்டால் மற்ற கோழிகள் தீனியை நெருங்கவிடாது. முழுத் தானியம் தரத் தொடங்கும்போது 2 முதல் 4 மி.மீ. அளவுள்ள கருங்கல் பொடிக்கல்லும் வையுங்கள். கிளிஞ்சல் அதற்கு ஈடாகாது, அது கரைந்துபோகும். முதலில் கம்பிவலைக்கு அப்பால் சில நாள். பிறகு பொழுது சாயும் நேரத்தில், மற்றவை அடையும்போது சேர்த்துவிடுங்கள். இரண்டு தீவனத் தட்டு, இரண்டு நீர்க்கலம், ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி. முதல் வாரம் இரவில் தீனிப்பையைத் தடவுவதும் காலையில் எடை போடுவதும் தொடரட்டும். இரண்டு நாள் அடுத்தடுத்து எடை இறங்கினால் மறுபடி கூண்டுக்குள் எடுத்துவிடுங்கள்.