சீலையை ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள்

யாழ்ப்பாணம் குருநகரில் என் கூல்பாருக்கு முன்னால் 12 அடி நீள ஓனிங், அதாவது வெயில் மறைக்க விரிக்கும் சீலைப் பந்தல் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் மடிந்திருக்கும் இரும்புக் கைகள் நீண்டு, முன் சட்டத்தைத் தள்ளச் சீலை விரியும். திருப்பிச் சுற்றினால் உருளையில் சுருளும். முதல் சீலையைக் கெடுத்தது நான்தான். கார்த்திகை மழையில் நனைந்ததை, கடை பூட்டும் அவசரத்தில் சுருட்டிவிட்டு நாலு நாள் திறக்கவில்லை. பிறகு விரித்தால் பொட்டுப் பொட்டாகக் கறுத்த பூஞ்சணம். அந்த மணம் கடைசிவரை போகவேயில்லை.

மழைக்காற்றுக்குச் சுருட்டத்தான் வேண்டும். ஆனால் வெயில் எட்டிப் பார்த்ததும் விரித்துவிடுங்கள். முன் சட்டத்துக்குள் நுழையும் மடிப்புத்தான் கடைசியாகக் காயும். அதை விரலால் அழுத்திப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கழுவுவதற்கு முன், காய்ந்த சீலையிலேயே வேப்பம்பூவையும் தூசையும் மெல்லத் தட்டிவிடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் தூசு சேறாகி நெசவுக்குள் இறங்கிவிடும். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழந்தைச் சவர்க்காரம் கொஞ்சம் கரைத்து, மெதுவான பிரஷால் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசினால் காணும். காக்கை எச்சத்தைச் சுரண்டாமல் ஊறவைத்தே எடுங்கள். சலவைத் தூளும் பிரஷர் தண்ணீரும் வேண்டாம்; தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் பூசிய பூச்சு போய்விடும். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறுவது, காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும். அதனால் கடைசி அலசலுக்குக் கூரைப் பீலியில் வழியும் மழைத் தண்ணீர் இரண்டு வாளி பிடித்து வைப்பேன்.

கடற்காற்றின் உப்பு மடியும் கைகளின் மூட்டில்தான் முதலில் பிடிக்கும். மாதம் ஒருதரம் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் சிலிக்கன் ஸ்பிரே அடிப்பேன். எண்ணெயும் கிரீஸும் ஆகாது, மணல் ஒட்டி மூட்டை அரைத்துவிடும். கறள் கண்ட ஆணிகளை ஸ்ரெயின்லெஸ் ஆணிகளாக மாற்றிவிடுங்கள்.

ஆனால் கைகளை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் இறுக்கமாக நிற்கிறது. முன் சட்டத்தை விட்டதும் கை பாய்ந்து விரியும், முகத்தில் பட்டால் எலும்பு முறியும். கோணலாகிவிட்டால் பொருத்தியவரைக் கூப்பிடுங்கள்.

சரிவையும் அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மீற்றர் நீட்டுக்கு 25 சென்ரிமீற்றர் இறக்கம் இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் நடுவில் தொப்பையாகத் தேங்கி, அந்தப் பாரத்தில் கை வளையும். சோளகம் வீசும் மாதங்களில் நான் எதிர் வளவுப் பனையைத்தான் பார்ப்பேன். ஓலை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், வெயில் கொளுத்தினாலும் சுருட்டிவிடுவேன். இரவில் எப்போதும் உள்ளேதான்.

சுற்றுவதிலும் கவனம் வேண்டும். கடையில் நிற்கிற தம்பி ஒருநாள், கைகள் முழுதாக விரிந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தான். சீலை தொய்ந்து, உருளையில் மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கிவிட்டது. சீலை உருளையின் மேற்பக்கத்திலிருந்துதான் இறங்க வேண்டும். அப்படி மாறிவிட்டால் பதறாமல் வந்த வழியே திருப்பிச் சுற்றுங்கள், வடிவாகப் போய் உட்காரும். சீலை இழுபட்டு நேரானதும் நிறுத்தி, கைப்பிடியைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் கொழுவிவிடுங்கள்.