எதுகை, மோனை, உவமை, உருவகம்: ஒரு கவிதையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளோடு வார இறுதியில் கவிதை படிக்கிறோம். ஓசை நயம் (எதுகை, மோனை), அணி நயம் (உவமை, உருவகம்) என்றாலே முழிப்பவர்களுக்காக இது. பழமொழி, மரபுத்தொடரெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவதைப் பற்றி வகுப்புக்காக நானே கட்டிய இரண்டு வரி:

பனியில் நிற்கும் பால்மர வரிசை
குனிந்தவள் உளியில் கோடு விழும்

படி 1: தாளில் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள். கைப்பேசித் திரை வேண்டாம். இரண்டு நிறப் பென்சில் போதும். ஹைலைட்டர் தாளின் மறுபக்கம் ஊறித் தொலைக்கும்.

படி 2: மோனை. சீர்களின், அதாவது வரியில் பிரிந்து நிற்கும் சொற்களின், முதல் எழுத்து ஒன்றி வருகிறதா என்று பாருங்கள். பனியில், பால்மர: சரி. குனிந்தவள், கோடு? உ, ஊ, ஒ, ஓ ஓரினம் என்பதால் கு, கோ இரண்டுக்கும் மோனை உண்டு. அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ இன்னொன்று.

படி 3: எதுகை. சீர்களின் இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டும். பனி, குனி. முடிந்தது.

படி 4: அணி. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் உவமை; இரண்டும் ஒன்றே என்று சொன்னால் உருவகம். போல, அன்ன, ஒப்ப என்று ஒப்பிடும் சொல்லான உருபு வெளியே தெரிந்தால் உவமை, கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். உருபு மறைந்திருந்தால்தான் தலைவலி. இலையில் பனித்துளி நிற்கிறது. ஒருவர் 'முத்துப்பனி' என்கிறார், இன்னொருவர் 'பனிமுத்து' என்கிறார். முன்னது முத்துப் போன்ற பனி, உவமை. பின்னது பனியாகிய முத்து, உருவகம். நடுவில் 'போன்ற' போட்டுப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 'பனி போன்ற முத்து' என்றும் வாய் சொல்லிவிடும். அதனால் முதலில் கேளுங்கள்: இலைமேல் உண்மையில் இருப்பது எது? பனி. அது பின்னால் வந்தால் உவமை, முன்னால் வந்தால் உருவகம். 'வறுமைக்கடல்' என்பதில் உண்மையில் இருப்பது வறுமை, அது முன்னால் நிற்கிறது, ஆகவே உருவகம்.

'பால்மரம்' என்றதும் உவமை என்று எழுதிவிடாதீர்கள். பாலைத் தரும் மரம், அவ்வளவுதான். எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளே இதில் வழுக்குவதுதான் வேடிக்கை.

பிற்சேர்க்கை: 'மரம், வாரம் எதுகையா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. இரண்டாம் எழுத்து ஒன்றினாலும் முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும்; குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். மரம், தரம் சரி. வாரம், பாரம் சரி.

இன்னொருவர் 'சலசல' மோனையா என்றார். அது இரட்டைக்கிளவி. பிரித்தால் 'சல' தனியே பொருள் தராது. மோனையை வேறு வேறு சீர்களுக்கிடையே தேடுங்கள்.