பழனி அடிவாரத்தில் தேங்காய் வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து பழனிக்கு வருகிறவர்கள், சின்ன வயதில் பெற்றோருடன் பார்த்த, மலையைச் சுற்றிப் போகும் கிரிவீதியைத் தேடாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆக்கிரமிப்புக் கடைகளை எடுத்துவிட்டார்கள். தனியார் வண்டிகளுக்கும் அனுமதி இல்லை, கோயிலின் பேட்டரி வண்டிதான். நடப்பவர்களுக்கு நிம்மதி, அங்கே கடை போட்டுப் பிழைத்தவர்கள் பாடு வேறு கதை. தேங்காய்க்கு இப்போது சன்னதி வீதிக்கும் அடிவாரத்துச் சாலைகளுக்கும்தான் போக வேண்டும்.

"செருப்ப இங்கயே விடுங்க, காசு வேண்டாம்" என்று கூப்பிடுவார்கள். விடலாம், ஆனால் விலை கேட்காமல் அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்காதீர்கள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, சூடம், பத்தி என்று ஆரம்பித்து, பூமாலை வரை போய்க் கணக்கு ஏறிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பது நீங்கள் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், தேங்காய் மட்டும் விற்கும் கடையில் தனியாக வாங்குவதே மேல்.

குடுமி உள்ள காயாகப் பாருங்கள். குடுமியைப் பிய்த்த காய் கண் வழியாகச் சீக்கிரம் கெட்டுப்போகும். காதருகே ஆட்டினால் தண்ணீர் சலசலக்க வேண்டும். ஓட்டில் கீறலோ, கண் பக்கம் ஈரமோ பூஞ்சையோ இருந்தால் வைத்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால், "அக்கா, சாமிக்குங்க, நல்ல காயாப் பார்த்துக் குடுங்க" என்று கேட்டால் போதும். அவர்களே தட்டிப் பார்த்து எடுத்துத் தருவார்கள். உடுமலை, பொள்ளாச்சித் தோப்புகள் பக்கத்தில்தான், காய்க்குப் பஞ்சமில்லை. சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காய் வாங்குங்கள். ஒன்று படியேறும் முன் பாத விநாயகருக்குச் சிதறுகாய். இதற்குச் சின்னக் காய் போதும், அதற்கென்று இருக்கும் இடத்தில் மட்டும் உடையுங்கள். இன்னொன்று அடிவாரத்தில் உள்ள திருஆவினன்குடி முருகன் கோயிலில் அர்ச்சனைக்கு. மலைமேல் இருப்பதையே மூன்றாம் படைவீடு என்று பலர் நினைக்கிறார்கள். திருமுருகாற்றுப்படை என்ற பழைய பாட்டில் வரும் பெயர் கீழே உள்ள இந்த ஆவினன்குடிதான்.

ஊருக்கு வீடியோ கால் போடுவதையெல்லாம் அடிவாரத்திலேயே முடித்துவிடுங்கள். 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை.

அப்புறம், திரும்பும் பயணம். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் விமானத்தில் அதற்குத் தடை உண்டு. பஞ்சாமிர்த டப்பாவைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், அது செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் உணவுப்பொருள் எதுவானாலும் இறங்கும்போது படிவத்தில் எழுதிக் காட்டுங்கள், மறைத்தால் அபராதம்.