நெல்லைப் பக்கம் சாதி தாண்டி கட்டுதவங்க பதிவு பண்ணுத வழி

கல்யாணத்துல கவர்மென்ட்டுக்கு என்ன சோலின்னு நம்ம ஊர்ல நல்லா படிச்சவங்களே கேக்காங்க. யார யாரு கட்டணும்னு சொல்லுத வேல அதுக்கு கெடையாதுதான், ஆனா கட்டிக்கிட்டவங்கள நோட்டுல எழுதி சர்ட்டிபிகேட் தாரதும் அருவாளோட வாரவன தடுக்கதும் கவர்மென்ட் செய்யாட்டி இங்க வேற யாரு செய்வா? 2025 ஜூலைல பாளையங்கோட்டையில ஒரு ஐடி பையன, வேற சாதிப் பொண்ணோட பழகுனாம்னு பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னாங்களே.

அதனால கட்டப் போற பிள்ளைங்க கவனமா கேட்டுக்கிடுங்க. பையனுக்கு 21, பொண்ணுக்கு 18 முடிஞ்சிருக்கணும். பத்தாங்கிளாஸ் மார்க்ஷீட், டிசி, ஆதார் எல்லாம் ஒரிஜினல் கையில இருக்கணும், அப்பா பீரோல வச்சுப் பூட்டிட்டா பொறவு அத வாங்கவே முடியாது.

ரெண்டு பேரும் இந்துன்னா சாதி வேறயா இருந்தாலும் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் (மதம் பாக்காம கட்டிக்கிடுததுக்கு உள்ள சட்டம்) தேவையே இல்ல, நெறைய பேரு இது தெரியாம மாட்டிக்கிடுதாங்க. அண்ணா ஆட்சியில 1967ல கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் இருக்கு, சொந்தக்காரங்களோ கூட்டாளிகளோ முன்னாடி மாலையோ மோதிரமோ மாத்துனா போதும், இல்ல தாலி கட்டுனா போதும், அய்யரும் வேண்டாம் மண்டபமும் வேண்டாம். அப்புறம் 90 நாளுக்குள்ள பத்திர ஆபீஸ்ல பதிவு பண்ணிருங்க, 2009 சட்டப்படி எந்த மதமா இருந்தாலும் பதிவு கட்டாயம்.

ஒருத்தர் இந்து ஒருத்தர் கிறிஸ்தவர்னா (நம்ம பக்கம் ஒரே சாதியிலயே கோயிலுக்குப் போறவங்களும் இருக்காங்க, சிஎஸ்ஐ சபைக்குப் போறவங்களும் இருக்காங்க) யாரும் மதம் மாறாம கட்டணும்னா 1954 ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் ஒரு வழி. ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாள் குடியிருந்திருக்கணும், நோட்டீஸ் குடுத்து இன்னும் 30 நாள் காத்திருக்கணும், மூணு சாட்சி வேணும். இதுல எனக்கு ஆத்தாமையே அந்த நோட்டீஸ்தான். பேரு, வயசு, அட்ரஸ் எல்லாத்தையும் எழுதி ஆபீஸ்லயே ஒட்டிருவாங்க, பத்திரம் பதிய வந்தவன் எவனாவது போன்ல போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டா அன்னைக்கு சாயங்காலமே ஆள் கெளம்பிரும். ஒரே மதத்துக்குள்ள கட்டுதவனுக்கு இந்த 30 நாள் காத்திருப்பு இல்லயே, மதம் தாண்டுதவனுக்கு மட்டும் என்னத்துக்கு? சமத்துவம் பேசுத அரசாங்கம் மொதல்ல இத எடுக்கணும். அதுவரைக்கும் அந்த ஒரு மாசம் பொண்ணு எங்க தங்கும்ங்கத முடிவு பண்ணாம நோட்டீஸ் குடுக்காதீங்க.

போலீஸ் விசயம். வீட்ல காணோம்னு கம்ப்ளெய்ன்ட் குடுக்க முன்னாடியே நீங்க பாதுகாப்பு கேட்டு மனு குடுத்துருங்க, சிட்டின்னா கமிஷனர் ஆபீஸ், மத்த இடம்னா எஸ்பி ஆபீஸ். ரசீது வாங்காம வெளிய வராதீங்க. ஸ்டேஷன்ல ரெண்டு பக்கத்து பெரியாட்களையும் உக்கார வச்சு “ஒரு வாரம் மட்டும் வீட்டுக்குப் போயிட்டு வா தாயி”ன்னு பைய பேசுவாங்க, கண்ணத் தொடைச்சுக்கிட்டு அம்மாவும் நிப்பாங்க, மனசு எளகத்தான் செய்யும், ஆனா போகாதீங்க. நான் மேஜர், என் இஷ்டத்துலதான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்க. மேஜரான ரெண்டு பேரு சம்மதிச்சா குடும்பமோ சாதியோ சம்மதிக்கத் தேவையில்லன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு, இந்த மாதிரி ஜோடிங்க புகார வாங்க மாவட்டத்துக்கு ஒரு ஸ்பெஷல் செல் வைக்கணும்னும் உத்தரவு போட்டிருக்கு, பாதுகாப்பான வீடு வைக்கதப் பத்தி யோசிக்கவும் சொல்லிருக்கு. அத மனுவுல எழுதிக் கேளுங்க.

கலப்புத் திருமண உதவித்தொக 25,000, டிகிரி முடிச்சிருந்தா 50,000, கூட 8 கிராம் தங்கம், சமூக நல ஆபீஸ்ல விசாரிங்க.

பதிவு பண்ண மாட்டேன்னு சொன்னா காரணத்த எழுதிக் கேளுங்க. தூத்துக்குடியில ஒரு திருநங்கை கல்யாணத்த பதிய மாட்டேன்னாங்க, 2019ல மதுரை ஹைகோர்ட் திருநங்கையும் மணமகள்தான்னு சொல்லி பதிய வச்சுது. ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் கட்டுதத மட்டும் 2023ல சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கிடல, அவங்களுக்கு இன்னும் ஒரு சர்ட்டிபிகேட்டும் கெடையாது, இது பெரிய அநியாயம். ஆனா போலீஸ் பாதுகாப்பு கேக்க அவங்களுக்கும் உரிம இருக்கு, மனு எழுதும்போது நாங்க மேஜர், சேந்து வாழுதோம்னு தெளிவா எழுதுங்க.