சென்னைக்குப் படிக்கப் போகும் தர்மபுரிப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருஷமும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மொரப்பூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் படிக்கப் போகிறார்கள். பொங்கலுக்கு ஊர் வரும்போது என்னைப் பார்க்க வீட்டுக்கு வருவார்கள்.

"கன்னிமாரா நூலகத்துக்குப் போனியா?"

"இன்னும் போலைங்க சார்."

"வாத்தியார் யாரிடமாவது தனியாப் பேசினியா?"

"இல்லைங்க சார்."

1998இல் முதுகலை வரலாறு படிக்கப் போன நானும் இதே பதில்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தர்மபுரியில் வரலாறு நடத்துகிறேன். கிளாஸுக்கு மட்டம் போடாதே, கடன் வாங்காதே என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

ஊர்ப் பிள்ளைகளோடு மட்டுமே இருப்பது

முதல் மாதம் அது தேவைதான். அதற்கப்புறமும் மெஸ்ஸில் அதே நாலு பேரோடு உட்கார்ந்தால், மற்ற துறைகளில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

வீட்டு மொழியை மறைப்பது

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். சென்னையில் அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வரலாறு, மொழியியல், சமூகவியல் படிப்பவருக்கு அது பெரிய சொத்து. அவர்களுடைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழியிலும் கல்வெட்டுகள் இருக்கின்றன. பேசத் தெரிந்த மொழிக்கு எழுத்தையும் கற்றுக்கொள்ள ஒரு லீவு போதும்.

கடிதம் கேட்கக் கூச்சப்படுவது

இதை இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கொடுக்கும் நாளில் பேராசிரியர் என்னிடம், "ஊர் எது?" என்றார். தர்மபுரி என்றேன். "மன்றோ வேலை பார்த்த இடமாச்சே! எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பாரமகால் ஆவணங்கள் இருக்கு, போய்ப் பாரு. துறையிலிருந்து ஒரு கடிதம் வேணும், வந்து வாங்கிக்கோ" என்றார். சரிங்க சார் என்று தலையாட்டினேன்.

1792இல் திப்புவோடு ஏற்பட்ட உடன்படிக்கையில் பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிதான் அது. அலெக்சாண்டர் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார். தாமஸ் மன்றோ அவருக்குக் கீழே 1799 வரை இங்கே நிலத்தை அளந்து வரி போடும் வேலையில் இருந்தார். இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவெடுத்தது எங்கள் மண்ணில். எங்கள் தாத்தாக்களுடைய தாத்தாக்கள் எந்த நிலத்துக்கு என்ன வரி கட்டினார்கள் என்பதைச் சொல்லும் எழுத்து சென்னையில் இருக்கிறது. சிட்டி பஸ் ஏறினால் போய்விடலாம்.

நான் போகவில்லை. பேராசிரியர் அறைக் கதவு வரை மூன்று முறை போனேன். உள்ளே யாராவது உட்கார்ந்து இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவேன். இப்படியே இரண்டு வருஷம் முடிந்தது. ஆறேழு புத்தகங்களிலிருந்து எடுத்து எழுதிய ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

பிஎச்.டி.க்குப் பதிவு செய்தபோதுதான் கணக்குத் தெரிந்தது. கல்லூரியில் லீவு போட்டு, ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க வந்து, எழும்பூரில் லாட்ஜ் எடுத்து, நான்கு நாள் குறிப்பெடுத்துவிட்டுத் திரும்புவேன். இரண்டு வருஷத்தில் இப்படி ஒன்பது தடவை. முதல் நாள் நான் திறந்த பக்கத்தில் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு ஊர்ப் பெயர். வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோதுதான் அது பென்னாகரம் என்று புரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இருபத்திரண்டு வயதில், ஹாஸ்டலில் சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருக்க வேண்டிய பக்கம் அது.

அந்தக் கடிதம் மொத்தம் ஐந்து வரி. உன் பெயர், துறை, தலைப்பு, எந்தக் காலத்து ஆவணம் வேண்டும் என்பது, கீழே கையெழுத்தும் சீலும். மாதிரியை நீயே எழுதிக்கொண்டு போ. தலைப்பை ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள். உள்ளே யாராவது இருந்தால் வெளியே நில். திரும்பி மட்டும் வந்துவிடாதே. கடைசி செமஸ்டரில் எல்லோரும் மொய்ப்பார்கள். இரண்டாவது மாதமே கேட்டுவிடு. தமிழில் கேள், ஒன்றும் ஆகிவிடாது. மாணவர்கள் வந்து கேட்பதில்லையே என்பதுதான் வாத்தியார்களான எங்கள் குறை.

வரலாறு படிப்பவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை இதை. லேபைப் பார்க்க, வேறு துறை வகுப்பில் உட்கார, தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களைத் தேட, எங்கே போனாலும் படிக்கிற பிள்ளை என்றால் ஒரு மரியாதை உண்டு. கழுத்தில் ஐடி கார்டு தொங்கும் வரைதான் அது.

படிக்க இடமில்லை என்று ரூமில் முடங்குவது

கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் அங்கே தனி இடம் உண்டு. கன்னிமாரா 1896இலிருந்து இருக்கிறது. நாட்டில் வெளியாகும் நூல்கள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. ஆவணக் காப்பகத்திலிருந்து நடந்தே போகலாம்.

ஷோத்கங்காவைத் திறக்காமல் தலைப்பு எடுப்பது

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையதளம் அது. நீ எடுக்கும் தலைப்பில் வேறொருவர் முடித்த ஆய்வு அதில் இருக்கலாம். காசு கிடையாது. முதலில் தேடு.

உதவித்தொகையைக் கடைசி நாளுக்கு விடுவது

பேங்க் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, இனிஷியல் எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடு. அங்கே போனபின் தாலுகா ஆபீசுக்காக ஒரு ரயில் பயணம் ஆகும்.

போன மாதம் பாலக்கோட்டுப் பெண் ஒருத்தி போன் பண்ணினாள். முதல் வருஷம் படிக்கிறாள். கடிதம் வாங்கிவிட்டாளாம், காப்பகத்தின் வாசலில் நிற்கிறாளாம்.

"உள்ளே பேனா கொண்டுபோக விடுவாங்களா சார்?"

"எதற்கும் ஒரு பென்சில் வாங்கிட்டுப் போம்மா" என்றேன்.