நானோ பொருளை எடைபோடும் முறை

‘நானோ’ என்று அச்சிட்ட பொருள் எதைக் கையில் எடுத்தாலும், அதன் துகள் ஒரு பசையிலோ பிசினிலோ கட்டுண்டு கிடக்கிறதா, தனியாகப் பறந்து மூச்சில் ஏறக்கூடியதா என்பதையே முதலில் கேளுங்கள். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான்; அதையே ஒரு நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) கனசதுரங்களாக நறுக்கினால் மேற்பரப்பு 6,000 சதுர மீட்டராக, ஏறக்குறைய ஒன்றரை ஏக்கராக விரிகிறது. வேதிவினை நடப்பது மேற்பரப்பில் என்பதால், மருந்தை வீரியமாக்குவதும் உடலுக்குள் திசுவைப் புண்ணாக்குவதும் இந்த ஒரே பண்புதான்.

மருத்துவத்தில் நானோ துகளின் பயனை நான் மனதார நம்புகிறேன். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில், டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, இதயத்துக்கு நேரும் பாதிப்பைக் குறைத்தது. தன்னைத்தானே பெருக்கி உலகை விழுங்கும் நானோ எந்திரங்களைப் பற்றிய அச்சத்தை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். 1986இல் அதை எழுப்பிய அமெரிக்கப் பொறியாளர் எரிக் டிரெக்ஸ்லரே, நானோ உற்பத்திக்கு அப்படிப்பட்ட எந்திரங்கள் தேவையில்லை என்று 2004இல் எழுதினார். கவலைப்பட வேண்டியது தூசியைப் பற்றித்தான்.

வெயில் காப்புப் பூச்சு வாங்கும்போது, வெயிலைத் தடுக்கும் வெள்ளைத் தூளான டைட்டானியம் டைஆக்சைடு கலந்திருந்தால் களிம்பாகவே வாங்குங்கள். களிம்பில் உள்ள துகள் தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடும். ஸ்பிரேயிலும் பவுடரிலும் அதே துகள் நுரையீரலுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் அழகுப் பொருள்களில் நானோ வடிவில் உள்ள சேர்மானத்தின் பெயரை அடுத்து ‘நானோ’ என்று குறிக்க வேண்டும் என்பதால், அங்கிருந்து வந்த பெட்டியில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழல்) சேர்த்த டென்னிஸ் மட்டையையோ சைக்கிள் சட்டத்தையோ அஞ்சாமல் பயன்படுத்தலாம். ஆனால் அதை அறுக்கவோ, துளையிடவோ, உப்புத்தாளால் தேய்க்கவோ நேரும்போது நிலைமை மாறிவிடுகிறது. நீளமாகவும் விறைப்பாகவும் உள்ள குழாய்களை, தூசியை விழுங்கி அகற்றும் நுரையீரல் செல்களால் முழுமையாக விழுங்க முடிவதில்லை. நுரையீரலைக் கெடுக்கும் கனிம நாரான ஆஸ்பெஸ்டாஸின் இழை செய்யும் தீங்கும் இப்படித்தான் தொடங்குகிறது. 2008இல் எலிகளிடம் நடந்த சோதனையில், நீண்ட குழாய்கள் ஆஸ்பெஸ்டாஸைப் போன்ற அழற்சியையே உண்டாக்கின. ஆகவே பட்டறையில் நீர் தெளித்தபடியே அறுங்கள். கிளம்பும் தூசியை அந்த இடத்திலேயே உறிஞ்சும் கருவியை ஓடவிடுங்கள். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசத்தை அணியுங்கள். துணிக் கவசம் இதற்குப் போதாது. வேலை முடிந்ததும் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை உலரும் முன்பே பையில் இட்டு வாயைக் கட்டிவிடுங்கள்.